பாக்கெட்டுக்குள் ஒரு ராக்காவல்!

ஸ்கிரீன் அணைந்திருக்கிறது. போன் சட்டைப் பைக்குள்ளோ, கைப்பையின் அடியில் சில்லறையோடும் சாவிக்கொத்தோடும் கலந்தோ கிடக்கிறது. யாரும் அதைத் தொடவில்லை. ஆனாலும், நடந்து முடித்து வீட்டுக்கு வந்து திரையைத் தட்டினால் '6,240 அடிகள்' என்று கணக்கு காட்டுகிறது. அந்தக் கணக்குக்காகப் பேட்டரி இறங்கியதாகவே தெரிவதில்லை.

அரை மணி நேரம் கேம் ஆடினால் மளமளவென்று இறங்குகிற அதே பேட்டரிதான். நாள் முழுக்க அடி எண்ணும் வேலைக்கு மட்டும் எப்படி இவ்வளவு சிக்கனம்? இந்தக் கேள்விக்கான பதிலில் தூக்கம் இருக்கிறது, கடிகாரம் இருக்கிறது. சில மனிதர்களின் உயிரும் இருக்கிறது.

வெந்நீர் வைக்கத் தலைமைச் சமையல்காரரா?

வீடியோ, கேமரா, வாட்ஸ்அப், மேப் என எல்லாவற்றையும் நடத்துகிற மெயின் ப்ராசஸர், கல்யாண வீட்டுத் தலைமைச் சமையல்காரர் மாதிரி. அவர் அடுப்படிக்கு வந்தால் நாலு அடுப்பு எரிய வேண்டும், அண்டா இறங்க வேண்டும், கூடமாட ஆட்கள் நிற்க வேண்டும். ஐந்நூறு பேருக்குச் சமைக்க அவர்தான் சரி. ஆனால், நடுராத்திரியில் ஒரு டம்ளர் வெந்நீருக்கு அவரை எழுப்பினால் கட்டுப்படியாகுமா?

அடி எண்ணுவது அந்த ஒரு டம்ளர் வெந்நீர். அதற்கென்று போனுக்குள் ஒரு சின்ன மூளையைத் தனியாக வைத்துவிட்டார்கள். கோ-ப்ராசஸர், அதாவது துணை மூளை என்பது அதன் பெயர். சென்சார்களைக் கவனிப்பதே வேலை என்பதால் 'சென்சார் ஹப்' என்றும் சொல்வார்கள்.

2013 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் ஐபோன் 5எஸ் போனை அறிமுகப்படுத்தியபோது, அதில் 'எம்7' என்ற தனிச் சிப் இருந்தது. அசைவை அறியும் ஆக்ஸிலரோமீட்டர், திருப்பத்தை அறியும் கைரோஸ்கோப், திசைகாட்டி ஆகிய மூன்றையும் கவனிப்பதுதான் அதன் முழுநேர வேலை. அதே வருடம் வந்த ஆண்ட்ராய்டு 4.4 கிட்காட்டும், அடி எண்ணும் வேலையை இப்படிச் சின்னச் சிப்பிடம் ஒப்படைக்க வழி செய்து கொடுத்தது. 2015-ல் வந்த ஐபோன் 6எஸ் போனில் தனிச் சிப்பும் போய், துணை மூளை மெயின் சிப்புக்குள்ளேயே ஒரு மூலையில் குடியேறிவிட்டது.

சின்ன மூளை என்பதால் மட்டும் மின்சாரம் மிச்சமாகிவிடாது. அதன் சாமர்த்தியமே, எப்போது தூங்க வேண்டும், எவ்வளவு ஆழமாகத் தூங்க வேண்டும் என்று தெரிந்துவைத்திருப்பதில்தான் இருக்கிறது.

கோழித் தூக்கம் முதல் கும்பகர்ணத் தூக்கம் வரை

ஒரு சிப் இரண்டு வழிகளில் மின்சாரத்தைச் செலவு செய்கிறது. உள்ளே இருக்கும் கோடிக்கணக்கான ஸ்விட்சுகள் 'டிக் டிக்' என்று மாறும்போது ஆவது ஒன்று. எதுவும் மாறாமல் சும்மா இருக்கும்போதும், மூடிய குழாயில் சொட்டும் தண்ணீர் போலக் கசிவது இன்னொன்று.

முதல் செலவைக் குறைக்க, துடிப்பை நிறுத்தினால் போதும். ஸ்விட்சுகள் அப்படியே உறைந்து நிற்கும். நினைவில் இருந்தது அப்படியே இருக்கும். எழுப்பினால் விட்ட இடத்திலிருந்து வேலை தொடரும். இது கோழித் தூக்கம். இரண்டாவது செலவையும் குறைக்க வேண்டுமானால், சிப்பின் அந்தப் பகுதிக்குப் போகும் மின்சாரத்தையே துண்டிக்க வேண்டும். கசிவும் நின்றுவிடும், ஆனால் நினைவும் அழிந்துவிடும். அதனால், முக்கியமான விஷயங்களை மட்டும் எழுதிவைக்க ஒரு குட்டி நினைவகத்துக்குத் தனியாக மின்சாரம் கொடுத்துவைப்பார்கள். இது ஆழ்ந்த தூக்கம்.

இதைக் கையில் எடுத்துப் பார்க்க நல்ல உதாரணம், சீனாவின் ஷாங்காய் நகரைச் சேர்ந்த எஸ்பிரஸிஃப் நிறுவனம் 2016-ல் வெளியிட்ட 'இஎஸ்பி32' சிப். ஸ்மார்ட் பல்பு, ஸ்மார்ட் பிளக் தொடங்கி, என்ஜினீயரிங் மாணவர்களின் ப்ராஜெக்ட் மேஜை வரை இதைப் பார்க்கலாம். இதற்குள்ளும் ஒரு பெரிய மூளை, ஒரு துணை மூளை உண்டு.

இது விழித்து வைஃபையில் பேசும்போது 240 மில்லிஆம்பியர் வரை மின்சாரம் இழுக்கும். வைஃபையில் காது கொடுத்துக் கேட்பதற்கு மட்டுமே 100 மில்லிஆம்பியர் அளவுக்குத் தேவை. கோழித் தூக்கத்தில் 0.8 மில்லிஆம்பியர். ஆழ்ந்த தூக்கத்தில் வெறும் 10 மைக்ரோஆம்பியர், அதாவது ஒரு மில்லிஆம்பியரில் நூறில் ஒரு பங்கு. அதற்கும் கீழே கும்பகர்ணத் தூக்கம் ஒன்று உண்டு. அதில் 5 மைக்ரோஆம்பியர்தான். ஆனால், அங்கே குட்டி நினைவகமும் அணைந்துவிடும், துணை மூளையும் தூங்கிவிடும். விழித்தெழும்போது 'நான் யார், எங்கே இருக்கிறேன்?' கதைதான்.

பெரிய மூளை தூங்க, துணை மூளை மட்டும் அவ்வப்போது கண் திறந்து சென்சாரைப் பார்த்துவிட்டு மூடிக்கொள்ளும் முறையில் சராசரியாக 100 மைக்ரோஆம்பியர் ஆகும். நூறு நொடியில் ஒரு நொடி மட்டும் விழித்திருப்பதாக வைத்துச் சொல்லப்படும் கணக்கு இது.

20 மணி நேரமா, இரண்டு வருடமா?

இந்த எண்கள் எவ்வளவு பெரிய வித்தியாசத்தைச் செய்கின்றன? மாடித் தோட்டத்தில் மண்ணின் ஈரத்தைப் பார்த்து, காய்ந்துவிட்டால் போனுக்குத் தகவல் அனுப்பும் ஒரு கருவி என்று வைத்துக்கொள்ளலாம். 2,000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி. பேட்டரி தானாக வலுவிழப்பதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

முதல் வகை, எப்போதும் வைஃபையில் காதைத் தீட்டிக்கொண்டே இருப்பது. 100 மில்லிஆம்பியர் என்றால் 20 மணி நேரத்தில் பேட்டரி காலி. காலையில் போட்டால் மறுநாள் காலைக்குத் தாங்காது.

இரண்டாவது வகை, 10 நிமிடத்துக்கு ஒருமுறை பெரிய மூளை எழுந்து, 3 விநாடி வைஃபையில் பேசிவிட்டு ஆழ்ந்து தூங்குவது. சராசரி 0.51 மில்லிஆம்பியர். சுமார் 163 நாள் தாங்கும்.

மூன்றாவது வகை, துணை மூளை மட்டும் ஈரத்தைக் கவனித்துக்கொண்டு, சொல்வதற்கு விஷயம் இருந்தால் மட்டும் பெரிய மூளையை எழுப்புவது. ஒரு நாளைக்கு இரண்டு முறை எழுப்புவதாக வைத்தால், சராசரி 0.107 மில்லிஆம்பியர். இரண்டு வருடத்துக்கும் மேல் தாங்கும்!

சிப் மாறவில்லை, பேட்டரி மாறவில்லை. யாரை எப்போது எழுப்புவது என்ற முடிவு மட்டும்தான் மாறியிருக்கிறது.

இதைப் படித்துவிட்டு ப்ராஜெக்ட் செய்ய உட்காரும் மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கடையில் கிடைக்கும் ரெடிமேடு போர்டில் இந்த 10 மைக்ரோஆம்பியரை எதிர்பார்க்க முடியாது. சிப் தூங்கினாலும், போர்டில் இருக்கும் யுஎஸ்பி சிப், வோல்டேஜ் ரெகுலேட்டர், எப்போதும் எரியும் அந்தக் குட்டிச் சிவப்பு விளக்கு எல்லாம் விழித்திருக்கும். பல போர்டுகளில், தூங்கும் சிப்பைவிட அந்த விளக்கு அதிகம் சாப்பிடும்.

தூங்குகிறவனை எழுப்புவது யார்?

ஆழ்ந்து தூங்குகிறவருக்கு அலாரம் வேண்டும். சிப்புக்கும் அப்படித்தான். தூங்கும் சிப்புக்குள் ஒரே ஒரு கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் கடிகாரத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் சூட்சுமம்.

சிப்பின் எந்த வேலையும் துடிப்புக்குத் தாளம் போட்டுத்தான் நடக்கும். இஎஸ்பி32-ன் பெரிய மூளை விநாடிக்கு 24 கோடி துடிப்பு வரை ஓடும். அந்தத் தாளத்துக்கு அடிப்படை, போர்டில் இருக்கும் 40 மெகாஹெர்ட்ஸ் குவார்ட்ஸ் படிகம். துல்லியமானது, ஆனால் செலவு அதிகம். தூங்கும்போது அதை அணைத்துவிடுவார்கள். மறுபடி ஆன் செய்தால், சுருதி சேர அதற்குச் சற்று நேரம் பிடிக்கும்.

அடுத்தது, சிப்புக்குள்ளேயே மின்தடையும் மின்தேக்கியும் சேர்ந்து உண்டாக்கும் துடிப்பு. ஆர்.சி. க்ளாக் என்பார்கள். ஒரு வாளியைத் தண்ணீரால் நிரப்பி, காலி செய்து, மறுபடி நிரப்பி எண்ணுவது மாதிரி. தனியாக எந்தப் பாகமும் வேண்டாம், காசு மிச்சம், சட்டென்று எழுந்துகொள்ளும். இஎஸ்பி32-ல் துணை மூளை ஓடுவது இப்படிப்பட்ட 8 மெகாஹெர்ட்ஸ் துடிப்பில். தூங்கும்போது நேரம் எண்ணுவது, இன்னும் மெதுவான 150 கிலோஹெர்ட்ஸ் துடிப்பு. குறை என்னவென்றால், வெயில் ஏறினால் வேகம் மாறும், பேட்டரி இறங்கினால் வேகம் மாறும். நூறில் ஒரு பங்கு பிசகினாலே, ஒரு நாளைக்கு 14 நிமிடம் தப்பாகிவிடும்.

மூன்றாவது, குட்டிக் குவார்ட்ஸ் படிகம். இசைக்கவை வடிவில் வெட்டப்பட்ட இது, விநாடிக்குச் சரியாக 32,768 முறை அதிரும். அதென்ன 32,768? இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போனால், 15-வது படியில் வரும் எண் அது. அப்படியென்றால், அதைப் பாதி, பாதி என்று 15 முறை குறைத்தால் விநாடிக்குச் சரியாக ஒரு துடிப்பு கிடைக்கும். பாதியாக்குவது சிப்புக்கு மிக எளிய வேலை, மின்சாரமும் மிகக் குறைவு. இன்னொரு வசதி, 20,000 அதிர்வுக்கு மேல் மனிதக் காதுக்குக் கேட்காது. அதனால், கையில் கட்டிய வாட்ச் ரீங்காரமிடாது.

1880-ல் பியர் கியூரியும் அவருடைய அண்ணன் ழாக் கியூரியும், குவார்ட்ஸை அழுத்தினால் மின்சாரம் தோன்றுவதைக் கண்டுபிடித்தார்கள். அதிலிருந்து 89 வருடம் கழித்து, 1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானில் சீக்கோ நிறுவனம் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் இருந்த படிகம் விநாடிக்கு 8,192 முறை அதிர்ந்தது. அதுவும் இரண்டின் மடங்குதான், 13-வது படி. அந்த வாட்ச் குடும்பத்தின் பேரப்பிள்ளைதான் இன்று போனுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

இந்தப் படிகம் பொதுவாகப் பத்து லட்சத்தில் 20 பங்கு வரைதான் பிசகும். ஒரு நாளைக்கு 1.7 விநாடி. சுமார் 25 டிகிரி வெப்பத்தில் சமர்த்தாக ஓடும். சூடேறினாலும் மெதுவாகும், குளிர்ந்தாலும் மெதுவாகும். 45 டிகிரிக்குப் போனால், நாளுக்கு ஒரு விநாடி பின்தங்கும்.

மட்டமான கடிகாரம் பேட்டரியைத் தின்னும்

'தூங்கும்போது நேரம் கொஞ்சம் முன்னே பின்னே ஆனால் என்ன நஷ்டம்?' என்று தோன்றலாம். மண் ஈரத்தைப் பார்க்க ஒரு நிமிடம் முந்தினாலும் பிந்தினாலும் ஒன்றுமில்லைதான். ஆனால், கையில் கட்டியிருக்கும் ஸ்மார்ட் வாட்ச் போனோடு ப்ளூடூத்தில் பேச வேண்டுமானால் கதை வேறு.

இரண்டும் ஒரே நேரத்தில் விழித்தால்தான் பேச முடியும். முதல் பஸ் 5 மணிக்கு. வீட்டுக் கடிகாரம் சரியாக ஓடுகிறது என்று நம்பிக்கை இருந்தால் 4.58-க்கு ஸ்டாப்பிங்கில் போய் நின்றால் போதும். கடிகாரத்தின் மேல் நம்பிக்கை இல்லாதவர் 4.30-க்கே போய்க் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

குறைந்த மின்சாரத்தில் ஓடும் ப்ளூடூத், தூக்கக் கடிகாரம் பத்து லட்சத்தில் 500 பங்கு வரை பிசகுவதை அனுமதிக்கிறது. அப்படிப்பட்ட கருவி 10 விநாடி தூங்கினால், 5 மில்லிவிநாடி முன்னதாகவே ரேடியோவைத் திறந்துவைத்துக் காத்திருக்க வேண்டும். பிசகு 20 பங்குதான் என்றால் 0.2 மில்லிவிநாடி போதும். ரேடியோதான் பேட்டரியை அதிகம் தின்கிற பகுதி என்பதால், படிகத்தில் மிச்சம் பிடித்த காசு பேட்டரியில் போய்விடுகிறது. ஒவ்வொரு சந்திப்பிலும், வருடக்கணக்கில்!

எண்ணுவது இப்படித்தான்

இப்போது பாக்கெட்டுக்குள் இருக்கும் போனுக்கு வரலாம். மனிதர்கள் சாதாரணமாக நடக்கும்போது விநாடிக்கு இரண்டு அடி வைப்பார்கள். அதைப் பிடிக்க, விநாடிக்கு 50 முறை அசைவை அளந்தால் தாராளம். ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் நடுவே 20 மில்லிவிநாடி இடைவெளி. துணை மூளைக்கு அந்தக் கணக்கைப் போட்டு முடிக்க, அதில் சிறு பகுதி போதும். மிச்ச நேரமெல்லாம் தூக்கம்தான்.

மெதுவாக ஓடினால் மின்சாரம் மிச்சமாகும் என்று நினைப்பது இங்கே எடுபடாது. வோல்டேஜ் மாறாமல் வேகத்தை மட்டும் பாதியாக்கினால், வேலை இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். கசிவும் அத்தனை நேரம் தொடரும். அதனால், சட்டென்று எழுந்து, மடமடவென்று முடித்து, உடனே படுத்துவிடுவதுதான் லாபம்.

போன் மேஜைமேல் அசையாமல் கிடந்தால் துணை மூளையும் தூங்கலாம், சென்சார் மட்டும் கவனித்தால் போதும். அனலாக் டிவைசஸ் நிறுவனத்தின் 'ஏடிஎக்ஸ்எல்362' என்ற அசைவு சென்சார், யாராவது எடுக்கிறார்களா என்று காத்திருக்கும் நிலையில் வெறும் 270 நானோஆம்பியர்தான் செலவழிக்கும். ஒரு மைக்ரோஆம்பியரில் கால் பங்கைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான்.

எண்ணிய கணக்கையும் ஒவ்வோர் அடிக்கும் பெரிய மூளையிடம் போய்ச் சொல்வதில்லை. பால் கணக்கு நோட்டில் குறித்துவைத்து மாதக் கடைசியில் காட்டுவது போலச் சேர்த்துவைத்து, திரை திறக்கும்போது மொத்தமாகச் சொல்கிறது.

நெஞ்சுக்குள் இருக்கும் பேட்டரி

போனில் மிச்சமாவது சார்ஜர் தேடும் அலைச்சல். வேறோர் இடத்தில் மிச்சமாவது ஆபரேஷன்.

1958 அக்டோபர் 8 அன்று, ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் ஆர்னே லார்சன் என்ற 43 வயது மனிதரின் உடலுக்குள் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டது. உடலுக்குள் வைக்கப்பட்ட முதல் பேஸ்மேக்கர் அதுதான். வடிவமைத்தவர் ரூனே எல்ம்க்விஸ்ட், ஆபரேஷன் செய்தவர் டாக்டர் ஓகே சென்னிங். அந்தக் கருவி சில மணி நேரம்தான் உழைத்தது. லார்சனுக்கு வாழ்நாளில் 20-க்கும் மேற்பட்ட பேஸ்மேக்கர்கள் மாற்றப்பட்டன. வடிவமைத்தவரும் ஆபரேஷன் செய்தவரும் மறைந்த பிறகும் வாழ்ந்து, 2001-ல் 86 வயதில் அவர் காலமானார்.

இன்றைய பேஸ்மேக்கர்கள் பல வருடங்கள் உழைக்கின்றன. 1970-களில் வந்த லித்தியம் பேட்டரி ஒரு காரணம். குவார்ட்ஸ் கடிகாரத்தின் தாளத்தில் தூங்கித் தூங்கி விழிக்கும் சிக்கனமான சிப் இன்னொரு காரணம். இதயம் தானாகத் துடிக்கிறதா என்று கவனித்து, துடிப்பு தவறினால் மட்டும் மின்துடிப்பு கொடுக்கும் முறையும் சிக்கனத்துக்குக் கை கொடுக்கிறது. அதுவும் ராக்காவல்தான்.

ஒரு கணக்கு. 1,000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி, சராசரியாக 12 மைக்ரோஆம்பியர் செலவில் ஒன்பதரை வருடம் வரும். அதை 10 மைக்ரோஆம்பியராகக் குறைத்தால், 11 வருடத்தைத் தாண்டும். குறைந்தது வெறும் 2 மைக்ரோஆம்பியர். கூடியது ஏறக்குறைய இரண்டு வருடம். பேட்டரி மாற்ற மறுபடி ஆபரேஷன் செய்ய வேண்டிய நாள், 75 வயதுத் தாத்தாவுக்கு இரண்டு வருடம் தள்ளிப்போகிறது.

போன் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

* அடி எண்ணும் ஆப் பேட்டரியைத் தின்கிறது என்றால், பெரும்பாலும் அது ஜிபிஎஸ்ஸைத் திறந்துவைத்திருக்கும், அல்லது பெரிய மூளையை எழுப்பிக்கொண்டே இருக்கும். அடிக்கணக்கு மட்டும் போதும் என்பவர்கள், அந்த ஆப்புக்குக் கொடுத்த லொகேஷன் அனுமதியை எடுத்துவிட்டுப் பார்க்கலாம்.

* ஆண்ட்ராய்டு 10 முதல், அடிக்கணக்கைப் படிக்க 'உடல் இயக்கம்' என்ற அனுமதியை ஆப் தனியாகக் கேட்க வேண்டும். ஐபோனில் 'மோஷன் அண்ட் ஃபிட்னஸ்' என்று இருக்கும். எப்போது எழுந்தார், எப்போது நடந்தார், எப்போது படுத்தார் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் தெரிந்துவிடும். டார்ச் லைட் ஆப்புக்கு அது எதற்கு?

* எல்லா போனிலும் அடி எண்ணும் வசதி சிப்பிலேயே இருக்கும் என்று சொல்ல முடியாது. இல்லாத போனில் அந்த வேலையை மெயின் ப்ராசஸர்தான் விழித்திருந்து செய்ய வேண்டும். நடைக்கணக்குக்காகப் புதுப் போன் வாங்குகிறவர்கள், விவரப் பட்டியலில் 'ஸ்டெப் கவுன்ட்டர்' சென்சார் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது.

* ஆண்ட்ராய்டு போனின் அடி எண்ணும் சென்சார், போனை ஆஃப் செய்து ஆன் செய்தால் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். நேற்றைய கணக்கை நினைவில் வைத்திருப்பது ஆப்பின் பொறுப்பு. ரீஸ்டார்ட் செய்ததும் சில ஆப்களில் கணக்கு உதைப்பது இதனால்தான்.

* பேட்டரி சீக்கிரம் இறங்கினால், சந்தேகத்தை முதலில் திரை வெளிச்சத்தின்மேலும், நொடிக்கொரு தடவை போனை எழுப்பும் நோட்டிஃபிகேஷன்கள்மேலும் வைக்கலாம். நாள் முழுக்க அடியெண்ணும் அந்தக் குட்டிக் காவலாளி சாப்பிடுவது ஒரு பிடிச் சோறுதான்.